காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்? கையடக்க கன்சோலில் 'அப்டேட்' படும் பாடு!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேம் கன்சோல். திரையில் 'இந்த கேமை விளையாட அப்டேட் தேவை' என்று ஒரு வரி. 'ஓகே' அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால், அந்த கன்சோலில் 'கஸ்டம் ஃபர்ம்வேர்' போட்டிருந்தால், அந்த ஒரு பட்டன் நான்கு விதமாக முடியலாம். கேம் ஓடலாம். ஓடாமல் போகலாம். கம்பெனி அந்த கன்சோலையே ஆன்லைனில் தடை செய்யலாம். அல்லது கன்சோல் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம்.

வெளிநாட்டில் இருந்து மாமா கொண்டுவந்த பழைய பிஎஸ்பி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நின்டெண்டோ 3டிஎஸ், இறக்குமதிக் கடையில் பிடித்த ஸ்விட்ச், ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் சீனத் தயாரிப்புகள் என இந்தக் கருவிகள் காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் வீடுகளுக்கும் வந்துவிட்டன. இவற்றில் பல, நம் கைக்கு வரும்போதே 'மாற்றியமைக்கப்பட்டு' வருகின்றன. பிள்ளைகளுக்கு அது தெரியும். பெற்றோருக்குத் தெரிவதில்லை.

கஸ்டம் ஃபர்ம்வேர் என்றால் திருட்டு கேம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. எல்லாமே இலவசம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, எது அசல், எது நகல் என்று தலைமுறைகளாகப் பேசிவரும் காஞ்சிபுரத்தின் தறியே உதவிக்கு வருகிறது.

தறியும் கன்சோலும்

பட்டுத்தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலத் தொங்கும். 1804-ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய முறை அது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. பார்டரில் வருவது மயிலா, யாளியா, மாங்காயா என்பதை அட்டைதான் முடிவு செய்கிறது. தறி அதேதான். அட்டையை மாற்றினால் டிசைன் மாறிவிடும்.

கன்சோலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சிப், தறியின் மரச்சட்டம். அந்த சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், ஜக்கார்டு பெட்டி. கேம் என்பது அட்டைக் கட்டு. கேமில் ஒரு பிழையைத் திருத்த வரும் அப்டேட், கட்டில் சில அட்டைகளை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகத் துளையிட்டவற்றைக் கோப்பதுபோல. 240 கொக்கி பெட்டிக்கு அடித்த அட்டை 480 கொக்கி பெட்டிக்குப் பொருந்தாது. அதேபோல, புது ஃபர்ம்வேருக்கு எழுதிய அப்டேட் பழைய ஃபர்ம்வேரில் ஓடாது.

ஒரே ஒரு வித்தியாசம். தறிக்காரர் யாரிடம் அட்டை அடித்து வாங்கினாலும் பெட்டி ஏற்றுக்கொள்ளும். கன்சோல் ஏற்காது. ஒவ்வொரு கேமிலும், ஒவ்வொரு அப்டேட்டிலும் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று அது சோதிக்கும். இல்லையென்றால் திறக்காது. இந்தச் சோதனையைத் தளர்த்தி, கம்பெனி முத்திரை இல்லாத மென்பொருளையும் ஓட வைப்பதற்காக வெளியாட்கள் மாற்றி எழுதிய ஃபர்ம்வேர்தான் 'கஸ்டம் ஃபர்ம்வேர்'.

பிஎஸ்பி-யில் தொடங்கிய போட்டி

சோனியின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. அதன் முதல் ஃபர்ம்வேரான 1.00, கையொப்பம் இல்லாத நிரல்களையும் ஓட விட்டது. அடுத்து வந்த 1.50-யிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆர்வலர்கள் சொந்தமாக கேம் எழுதினார்கள். மின்னூல் படிக்கும் செயலி செய்தார்கள். பழைய கன்சோல்களின் கேம்களை ஓட்டும் எமுலேட்டர்களை உருவாக்கினார்கள். இதற்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டுச் சமையல் மாதிரி!

சோனி அடுத்தடுத்த ஃபர்ம்வேரில் கதவை அடைத்தது. புதிய கேம் வட்டுகளோ புதிய ஃபர்ம்வேரைக் கேட்டன. அந்த ஃபர்ம்வேர் அப்டேட் கேம் வட்டுக்குள்ளேயே வந்தது. 'அப்டேட் செய்தால் புது கேம், செய்யாவிட்டால் ஹோம்ப்ரூ. இரண்டில் ஒன்றுதான்' என்ற நிலை.

இந்த இக்கட்டிலிருந்துதான் கஸ்டம் ஃபர்ம்வேர் பிறந்தது. 'டார்க் அலெக்ஸ்' என்ற புனைபெயரில் இயங்கிய ஸ்பெயின் நிரலாளர் 2006-ல், சோனியின் புதிய ஃபர்ம்வேரையும் ஹோம்ப்ரூ வசதியையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். 2007-ல் 'பண்டோரா பேட்டரி' வந்தது. சிறிய மாற்றம் செய்த பேட்டரியைப் போட்டால் பிஎஸ்பி சர்வீஸ் முறையில் எழும். அப்டேட் பாதியில் நின்று செத்துப்போன கருவிகளைக்கூட அதை வைத்து உயிர்ப்பித்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு கன்சோலிலும் இதே கதைதான். 2016 ஜூலையில் சோனியின் வீட்டா கன்சோலுக்கு 'ஹென்காகு' வந்தது. 3.60 ஃபர்ம்வேர் உள்ள வீட்டாவின் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும் என்ற அளவுக்கு எளிது. 2018-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சின் சிப்பிலேயே ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலையில் சிப்புக்குள் எழுதப்பட்ட தொடக்க நிரலில் இருந்த குறை என்பதால், ஏற்கெனவே விற்ற ஸ்விட்ச்களில் அதை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியவில்லை. பிறகு தயாரான கருவிகளில் வன்பொருளை மாற்றித்தான் நின்டெண்டோ அதை அடைத்தது. அந்தக் கருவிக்கான 'அட்மோஸ்ஃபியர்' என்ற கஸ்டம் ஃபர்ம்வேர் இன்றும் இலவசமாக, திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது.

ஒரு அப்டேட்டுக்குள் நான்கு அடுக்கு

சாதாரண கன்சோலில் அப்டேட் தானாக நடக்கும். கஸ்டம் ஃபர்ம்வேர் போட்ட கன்சோலில் அதே வேலை ஏன் சிக்கலாகிறது? அங்கே ஒன்றையொன்று நம்பியிருக்கும் நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, கம்பெனியின் ஃபர்ம்வேர். இரண்டாவது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கஸ்டம் ஃபர்ம்வேர். மூன்றாவது, கேமும் அதன் அப்டேட்டும். நான்காவது, நீங்கள் இதுவரை விளையாடிச் சேர்த்த 'சேவ்'.

கேமின் புது அப்டேட் புது ஃபர்ம்வேரைக் கேட்கும். புது ஃபர்ம்வேரைப் போட்டால் பழைய கஸ்டம் ஃபர்ம்வேர் அதை அடையாளம் காணாமல் கன்சோல் திரையில் பிழைச் செய்தி வரும், அல்லது எதுவுமே வராது. அதனால், கஸ்டம் ஃபர்ம்வேரை எழுதுபவர்கள் புது ஃபர்ம்வேருக்கு ஏற்ற பதிப்பை வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் கஸ்டம் ஃபர்ம்வேர், பிறகு கம்பெனி ஃபர்ம்வேர், கடைசியில் கேம். பெரும்பாலான கருவிகளில் இந்த வரிசை மாறினால்தான் சிக்கல் தொடங்குகிறது.

திரும்பிப் போவதும் எளிதல்ல. ஸ்விட்ச்சில் பெரிய ஃபர்ம்வேர் மாற்றங்களின்போது சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய 'ஃபியூஸ்' ஒன்று எரிக்கப்படும். வீட்டு ஃபியூஸ் போல மாற்ற முடியாது. எத்தனை எரிந்திருக்கின்றன என்று பார்த்து, பழைய ஃபர்ம்வேரோடு எழ கன்சோல் மறுத்துவிடும்.

சேவ் விஷயத்திலும் கவனம் தேவை. அப்டேட் செய்த கேமில் சேமித்த ஆட்டத்தைப் பழைய பதிப்பு பல நேரம் திறக்காது. நூறு மணி நேர விளையாட்டு அதற்குள் மாட்டிக்கொள்ளும். இதைப் பெரியவர்கள் 'வெறும் கேம்தானே' என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு விடுமுறை முழுக்கச் சேர்த்த உழைப்பு.

இன்னொன்று, நாட்டுப் பதிப்பு. வீட்டா கேம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. 'பி.சி.எஸ்.பி' என்று தொடங்கினால் ஐரோப்பியப் பதிப்பு. 'பி.சி.எஸ்.இ' என்றால் அமெரிக்கப் பதிப்பு. 'பி.சி.எஸ்.ஜி' என்றால் ஜப்பான். அமெரிக்காவில் இருந்து உறவினர் வாங்கிவந்த கேமுக்கு ஐரோப்பிய அப்டேட்டைப் போட்டால் ஒட்டாது. பெயரும் அட்டைப்படமும் ஒன்றாக இருந்தாலும், அது வேறு அட்டைக் கட்டு.

கடையே மூடினால்?

சரி, இத்தனை தொல்லை எதற்கு? கம்பெனி கொடுப்பதை மட்டும் பயன்படுத்தினால் என்ன? நியாயமான கேள்விதான். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே நல்ல வழி. கம்பெனி கடையை மூடும் நாளில்தான் அந்த வழி முட்டுகிறது.

2021 மார்ச்சில், பிஎஸ்பி, பிஎஸ்3, வீட்டா ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளை மூடப்போவதாக சோனி அறிவித்தது. விளையாட்டு ரசிகர்களிடம் கடும் எதிர்ப்பு. ஏப்ரலில், 'தவறான முடிவெடுத்துவிட்டோம்' என்ற தொனியில் பின்வாங்கி, பிஎஸ்3, வீட்டா கடைகள் தொடரும் என்றது. பிஎஸ்பி-யில் வாங்கும் வசதி மட்டும் 2021 ஜூலையில் நின்றது. நின்டெண்டோவோ 3டிஎஸ், வீ யு ஆகியவற்றின் கடையை 2023 மார்ச் 27-ல் மூடியது. 2024 ஏப்ரலில் அவற்றின் ஆன்லைன் விளையாட்டுச் சேவையையும் நிறுத்தியது.

மூடியபோது நின்டெண்டோ சொன்னது கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே வாங்கிய கேம்களைத் திரும்ப இறக்கிக்கொள்வதும், அப்டேட் பெறுவதும் 'கணிக்கக்கூடிய எதிர்காலம்வரை' தொடருமாம். அதற்குத் தேதி கிடையாது. நாளைக்கே நிற்கும் என்று அர்த்தமல்ல. என்றென்றும் இருக்கும் என்றும் அர்த்தமல்ல.

வட்டிலோ கார்ட்ரிட்ஜிலோ வாங்கியவர்களும் தப்பவில்லை. கார்ட்ரிட்ஜில் இருப்பது அது தொழிற்சாலையில் இருந்து வந்த அன்றைய பதிப்பு. பிழைத் திருத்தங்கள், கூடுதல் கட்டங்கள் எல்லாம் பின்னால் சர்வரில் இருந்து வருபவை. சர்வர் போனால், பிழையோடு இருக்கும் முதல் பதிப்புதான் மிஞ்சும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. 'தேசி அட்டா: கேம்ஸ் ஆஃப் இந்தியா' என்ற கேமை ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம் உருவாக்க, சோனி பிஎஸ்2, பிஎஸ்பி கன்சோல்களில் வெளியிட்டது. கபடி, கில்லி தாண்டு, பட்டம் விடுதல் என்று நம் தெரு விளையாட்டுகள் உலகக் கருவி ஒன்றின் திரையில் வந்தன. இன்று அந்த பிஎஸ்பி வட்டு யாரிடமாவது இருந்தால், அதைப் படிக்கும் டிரைவ் பழுதாகாமல் இருக்க வேண்டும். பிஎஸ்பி-யின் யுஎம்டி வட்டைப் படிக்கும் டிரைவ் வேறு எந்தக் கன்சோலிலும் இல்லை. தன்னிடம் உள்ள வட்டை மெமரி கார்டில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதற்குக்கூட கஸ்டம் ஃபர்ம்வேர்தான் வழி.

நின்டெண்டோ ஆன்லைன் சேவையை நிறுத்திய பிறகும் 3டிஎஸ் வைத்திருப்பவர்கள் சிலர் இணையத்தில் சேர்ந்து விளையாட முயல்கிறார்கள். 'பிரிட்டெண்டோ' என்ற பெயரில் தன்னார்வலர்கள் மாற்று சர்வர் நடத்துவதால்தான் அது முடிகிறது. கம்பெனி கைவிட்ட கருவியைப் பயன்படுத்துபவர்களே பராமரிக்கிறார்கள். கடையை மூடிய பிறகும், 2023 மே மாதத்தில், 3டிஎஸ்ஸுக்கு ஓர் ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது. புதிதாக எதையும் விற்பதற்கு அல்ல. கஸ்டம் ஃபர்ம்வேர் போடும் அப்போதைய வழிகளை அது அடைத்தது!

காஞ்சிபுரத்துக்குத் தெரிந்த வலி

இதையெல்லாம் படித்தவுடன் 'அப்படியென்றால் இலவசமாக இறக்கினால் என்ன தப்பு?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் இந்த ஊரின் தொழிலிலேயே இருக்கிறது.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர், மூன்று நாடாக்கள் வேண்டும். உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் வந்து, ஒவ்வொரு இழையிலும் பின்னிக்கொள்ள வேண்டும். புது டிசைன் ஒன்று கடைக்கு வந்ததுமே, அதைப் படம்பிடித்து விசைத்தறியில் மலிவாக ஓட்டி 'காஞ்சிபுரம் பட்டு' என்று விற்பது நெசவாளர்களின் பல ஆண்டுக் குறை. கைத்தறிக்கென சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததும், 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தப் பின்னணியில்தான். நகல் விற்றால் நஷ்டம் யாருக்கு என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கேமும் ஒருவரின் உழைப்புதான். ஒரு கேமுக்குப் பின்னால் படம் வரைபவர், இசை அமைப்பவர், நிரல் எழுதுபவர், பிழை தேடுபவர் என்று பலர் இருக்கிறார்கள். நாலைந்து பேர் மட்டும் சேர்ந்து செய்யும் கேம்களும் உண்டு. காசு கொடுக்காமல் இறக்கும் ஒவ்வொரு பிரதியும், படம்பிடித்து விசைத்தறியில் ஓட்டிய சேலைதான்.

ஆனால், இதே ஊர் இன்னொரு பாடமும் சொல்கிறது. பாட்டியின் பட்டுச்சேலையைப் பேத்திக்குப் பாவாடை தைக்க யாரும் கடையில் அனுமதி கேட்பதில்லை. கிழிந்தால் தைக்கிறோம். கறைபட்டால் பாலிஷ் போடுகிறோம். ஐம்பது வருடம் பெட்டியில் பாதுகாக்கிறோம். விற்ற கடை மூடிவிட்டது என்பதற்காகச் சேலை பீரோவில் இருந்து மறைந்துவிடுவதில்லை. வாங்கியவருக்கு அதை வைத்திருக்கவும், மாற்றவும், காப்பாற்றவும் உரிமை உண்டு. அதைப் பார்த்து நூறு நகல் அடித்து விற்கத்தான் உரிமை இல்லை.

கஸ்டம் ஃபர்ம்வேர் பற்றிய சண்டை முழுவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் இருந்து வருகிறது. கம்பெனிகள் நகலெடுப்பதைத் தடுக்கிறோம் என்ற பெயரில், வாங்கியவர் காப்பாற்றுவதையும் தடுக்கின்றன. மறுபக்கம், காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் பலர் வாங்காததையும் நகலெடுக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த வித்தியாசத்தை ஓரளவு பார்க்கிறது. கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தால், அழிந்தால், பழுதானால் உதவ ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 52-வது பிரிவு இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையைப் பாதுகாக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. 2 ஆண்டுவரை சிறை, அபராதம் உண்டு. ஆனால், 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' உடைத்தால் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடுத்துவிட்டு, சில விலக்குகளை மட்டும் தரும் அமெரிக்கச் சட்டத்தைவிட இது மென்மையானது.

அதற்காகத் திருட்டு கேமுக்குப் பச்சைக்கொடி என்று நினைத்துவிடக் கூடாது. நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது 63பி பிரிவின்படி குற்றம். தொழிலுக்கோ லாபத்துக்கோ இல்லாத பயன்பாட்டுக்குச் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நகலை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை என்று 63-வது பிரிவு சொல்கிறது.

உலக அளவில் தண்டனை பெற்றவர்களைப் பார்த்தாலும் கோடு தெரியும். ஸ்விட்ச்சில் திருட்டு கேம் ஓட்டும் கருவிகளை விற்ற 'டீம் எக்ஸிக்யூட்டர்' குழுவைச் சேர்ந்த கேரி பவுசர் என்ற கனடாக்காரருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. குற்ற வழக்கிலும் சிவில் வழக்கிலும் சேர்த்து அவர் நின்டெண்டோவுக்குத் தர வேண்டிய தொகை 1 கோடியே 45 லட்சம் டாலர். 'யூசு' என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை நடத்தியவர்கள் 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள்.

சட்டம் தாண்டி, கம்பெனி கையில் இன்னொரு ஆயுதம் உண்டு. கஸ்டம் ஃபர்ம்வேரோடு இணையத்தில் சேர்ந்தால், அந்த கன்சோலை நின்டெண்டோ தன் சேவைகளில் இருந்து தடை செய்யலாம். 2025 மே மாதம் அமெரிக்காவில் மாற்றிய ஒப்பந்த விதிகளில், விதி மீறினால் கருவியையே நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி செய்யலாம் என்றும் சேர்த்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர், முந்தைய சொந்தக்காரர் செய்த வேலைக்கு மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

'10,000 கேம்' கன்சோல் வாங்கலாமா?

ஆர்36எஸ், மியூ மினி, ஆன்பெர்னிக் என்ற பெயர்களில் வரும் சீனக் கருவிகளை ஆன்லைனில் பார்த்திருப்பீர்கள். இவை பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. கம்பெனிப் பூட்டு இல்லை. ஆர்க் ஓஎஸ், ஓனியன் ஓஎஸ், மியூ ஓஎஸ் போன்ற தன்னார்வலர்களின் கஸ்டம் ஃபர்ம்வேர்தான் இவற்றின் உயிர். அதைப் போடுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல், கூடவே வரும் மெமரி கார்டில். அதில் 'இலவசமாக' வரும் ஆயிரக்கணக்கான கேம்களுக்கு விற்பவரிடம் உரிமம் இருப்பதில்லை. கார்டின் தரமும் மோசம். சில மாதங்களில் படுத்துவிடுகிறது. ஆர்36எஸ்ஸுக்கே போலிகளும் வந்துவிட்டன. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே திரை வேறு. வழக்கமான ஆர்க் ஓஎஸ்ஸைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். நகல் கேமை ஓட்டும் கருவிக்கே நகல்!

நேர்மையான வழியும் இந்தக் கருவிகளிலேயே இருக்கிறது. 'போர்ட்மாஸ்டர்' என்ற தன்னார்வத் திட்டம் நூற்றுக்கணக்கான கேம்களை இவற்றில் ஓடும்படி செய்திருக்கிறது. பல கேம்கள் இலவசம். மற்றவற்றுக்கு, கம்ப்யூட்டருக்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமின் கோப்புகளை எடுத்துப் போட வேண்டும். இங்கும் அப்டேட்டில் கவனம் வேண்டும். போர்ட் ஒரு குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும். கம்ப்யூட்டரில் கேம் தானாக அப்டேட் ஆகியிருந்தால் பொருந்தாது.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 'ஜிபி ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருளில், நிரல் எழுதத் தெரியாமலே கேம் பாய் கேம் உருவாக்கலாம். பார்டர் டிசைனுக்குக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எட்டுக்கு எட்டு கட்டத்தில் படம் வரைவது புதிதாக இருக்காது.

இதையெல்லாம் கவனியுங்கள்!

* முதலில் பேக்கப்: எந்த அப்டேட்டுக்கும் முன்னால் சேவ் கோப்புகளையும், முடிந்தால் கன்சோலின் முழு உள்நினைவகத்தையும் கம்ப்யூட்டரில் பிரதி எடுங்கள்.

* தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள்: கஸ்டம் ஃபர்ம்வேர் இருக்கும் கன்சோல் இரவோடு இரவாகத் தானே அப்டேட் ஆவதுதான் பல கோளாறுகளுக்கு ஆரம்பம்.

* அவசரம் வேண்டாம்: புது ஃபர்ம்வேர் வந்த அன்றே போடாதீர்கள். கஸ்டம் ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு வந்து, அது சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு போடுங்கள்.

* குறியீட்டைப் பாருங்கள்: கேமின் அடையாளக் குறியீடும் அப்டேட்டின் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* நல்ல மெமரி கார்டு: 512 ஜிபி என்று எழுதி மலிவாக வரும் கார்டுகளில் போலிகள் அதிகம். வாங்கியதும் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். மாற்றியமைத்த ஸ்விட்ச்சில் 'எக்ஸ்ஃபாட்' முறையைவிட 'ஃபாட்32' முறையில் ஃபார்மேட் செய்த கார்டு பாதுகாப்பானது.

* சார்ஜ்: அப்டேட் ஓடும்போது பேட்டரி தீர்ந்தால் கன்சோல் செங்கல்தான். சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

* காசு கேட்டால் சந்தேகப்படுங்கள்: லூமா3டிஎஸ், அட்மோஸ்ஃபியர், ஹென்காகு எல்லாமே இலவசம். அவற்றை டவுன்லோடு செய்யப் பணமோ, 'சர்வே'யோ கேட்கும் தளங்கள் மோசடி.

* பணம் இருக்கும் அக்கவுன்ட் வேண்டாம்: மாற்றியமைத்த கன்சோலில் கிரெடிட் கார்டு விவரங்களைப் பதிந்து வைக்காதீர்கள். தடை வந்தாலும், உளவு நிரல் வந்தாலும் இழப்பு குறையும்.

* செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது: கஸ்டம் ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடைப் பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தடை செய்யப்பட்ட கன்சோல் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளைகளிடம் கன்சோலைப் பிடுங்கி வைப்பதால் இதற்குத் தீர்வு வராது. அதில் எது வாங்கியது, எது இறக்கியது என்று ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வாங்கியவற்றின் கடைசி அப்டேட்டை, சர்வர் இன்னும் பதில் சொல்லும்போதே இறக்கி வையுங்கள். சேவ்களை ஒரு பென் டிரைவில் எடுத்து, தேதி எழுதி பீரோவில் வையுங்கள், பட்டுச்சேலைக்குப் பக்கத்தில். வாங்காதவற்றில் பிள்ளைக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தால், அடுத்த பிறந்தநாளுக்கு அதைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுங்கள். அதைச் செய்தவரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்காது.